இரண்டரைக் கிலோவுக்கு மேல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேஜ் கயிற்றின் மேல் சத்தியம்.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டனில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. ஒரே லைனில் புத்தர் படம் மாட்டிய வீடும், மாரியம்மன் படம் மாட்டிய வீடும், மாதா படம் மாட்டிய வீடும் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. யார் சாமி மேல் யார் சத்தியம் செய்வது என்று எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றிய கேஜையும், அந்த இரும்புக் கூண்டைத் தாங்கிய கயிற்றையும் எல்லா வீடும் ஒப்புக்கொள்ளும். அந்தக் கயிற்றில் முழம் நீளத் துண்டு ஒன்று தர்மராஜ் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒரு தரம் அதன் இருபத்தெட்டு இழைகளில் இருபத்தேழு அறுந்துபோக, மிச்சம் இருந்த ஒற்றை இழை நாற்பது பேரையும் மேலே கொண்டுவந்து சேர்த்து, கடைசி ஆள் காலை வெளியே வைத்த பிறகுதான் மூச்சு விட்டதாம். தர்மராஜ் சொன்னது. அவரும் அந்த நாற்பதில் ஒருவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவருடைய மருமகள் யசோதராவுக்கு இந்தக் கயிற்றின் மேல் பெரிய நம்பிக்கை எதுவும் இருந்ததில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ரிசப்ஷனில் வேலை. விடிவதற்கு முன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவளுக்குக் கயிற்றை நம்ப ஏது நேரம்? அவள் நம்பியது ஒன்றைத்தான்: இந்தத் தடவை கண்ணாடிக்கு வெளியே உட்காரக் கூடாது.

மூத்தவள் ஷாலினி பிறந்தபோது ஆயிரத்து எழுநூறு கிராம். கோலார் பெரியாஸ்பத்திரியில் குழந்தையைக் கதகதப்பான பெட்டியில் வைத்திருந்தார்கள். இருபத்துமூன்று நாள் யசோதரா கண்ணாடிக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்தது குழந்தை மாதிரி இல்லை. யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரி இருந்தது. நர்சுகள் சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள். இப்போது ஷாலினிக்கு மூன்று வயது. லைனில் அவள் கடிக்காத கை கிடையாது. ஆனாலும் யசோதராவின் கனவில் அந்தப் பெஞ்ச் வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டாவது உண்டாகி ஐந்தாம் மாதம், தை பிறந்த வாரம், நர்ஸ் ஆனி லைனுக்கு வந்தாள். முற்றத்தில் தராசை வைத்து யசோதராவை நிற்கச் சொன்னாள். விரலில் குத்தி ரத்தமும் பார்த்துக் கார்டில் எழுதினாள். எழுதியதை ஒரு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஆனி கண்ணாடியைக் கழற்றினால் யாரோ திட்டு வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"இன்னாம்மா இது? ரெத்தம் எட்டு புள்ளி ரெண்டு. பதினொண்ணு இருக்கணும். வெயிட்டும் ஏறல. உனக்கே இல்லன்னா உள்ள கீற புள்ளைக்கு எங்கேந்து வரும்?"

"ரயில்ல நின்னுகினு போறன் சிஸ்டர். சாப்புட முடியல."

"எவ்ளோ நேரம்?"

"போக ரெண்டு, வர ரெண்டு."

ஆனி சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைப் பட்டையை அவள் கையில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "இது இன்னா நாத்தம்? யாரு பீடி?"

தர்மராஜின் காதில் பாதி பீடி செருகியிருந்தது. "அணைச்ச பீடி சிஸ்டர்," என்றார் மரியாதையாக.

"அணைக்கிறதுக்கு முன்னாடி எரிஞ்சிதா இல்லியா தாத்தா? நீங்க வாயால இழுத்தா, அவ மூக்கால இழுக்கிறா. உள்ள கீறது மூணாவது ஆளு. ஒரு பீடிய மூணு பேரு இழுக்கிறீங்க." ஆனி பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள். பார்வதம்மாவின் வெந்நீர் அண்டா அடுப்பு, ஈர விறகோடு, யசோதராவின் ஜன்னலுக்கு நேராகப் புகைந்துகொண்டிருந்தது. "அது வேற. அப்பறம் அந்த மேடு."

அந்த மேட்டைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் நூறு வருஷமாகச் சேர்ந்து மலையாக நிற்கிறது. சயனைடு மேடு. மாசி பங்குனியில் காற்று அடித்தால் அது கிளம்பி வந்து வீடு வீடாக விசாரிக்கும். போன வருஷம் எதிர் வீட்டு இன்பராஜ் காலையில் காயப்போட்ட வேட்டி, சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த பிறகு தானாக நின்றது. அவர் அதைக் கட்டவில்லை, உள்ளே இறங்கிக்கொண்டார்.

"எவ்ளோ வேணும் சிஸ்டர்?" என்றார் தர்மராஜ்.

"பொறக்கும்போதா? ரெண்டரை கிலோவுக்கு மேல. அதுக்குக் கீழ போனா மறுபடி பெட்டிதான்."

யாரோ முற்றத்தில் எதையோ கொண்டுவந்து போட்ட மாதிரி யசோதராவுக்கு இருந்தது. அது பெஞ்ச் என்று அவளுக்குத் தெரியும்.

தர்மராஜ் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "சுரங்கம் மூடுற சமயத்துல ஒரு டன்னு கல்ல ஒடைச்சா மூணு கிராம் வந்துச்சி. ரெண்டரை கிலோன்னா எண்ணூத்தி முப்பத்திமூணு டன்னு. ஒரு பொண்ணு தனியா ஒடைக்க முடியுமா? சொல்லு. ஷிஃப்ட் போட்டாதான் ஆவும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தார். அப்போது அவர் மகன் எழிலன் ஸ்கூல் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

தர்மராஜ் கயிற்றில் கை வைத்தார். "இந்தப் புள்ள பொறக்கிற வரைக்கும் பீடி தொடமாட்டன்." காதிலிருந்த பாதியை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டார்.

பார்வதம்மா தன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து கயிற்றில் கை வைத்தாள். "அண்டாவ நான் அந்தாண்ட பக்கம் எடுத்துகினு போறன். ஈர வெறகு கொளுத்தமாட்டன். கொழாயிலேந்து தண்ணி நாங்க தூக்குறோம். காலம்பற ஆகாரமும் என்னுது."

அப்புறம் இன்பராஜ். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக லைன் முழுவதும் வந்தது. ஒருவர் சீட்டாட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கும் குழந்தை எடைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவிக்கு ரொம்ப நாளாக அந்த ஆசை.

கடைசியில் தர்மராஜ் தன் பழைய பித்தளை டோக்கனைத் தேய்த்துக் கழுவிக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினார். நம்பர் அறுநூற்று இருபத்தொன்று. சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கனைப் போர்டில் மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். போர்டில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம்.

"உள்ள ஒரு ஆளு கீறான்," என்றார் தர்மராஜ். "நல்லபடியா ஏத்தணும்."

பீடியை விட்ட மூன்றாம் நாள் தர்மராஜின் இருமலும் நின்றுபோயிற்று. நாற்பது வருஷமாக அந்த இருமலைக் கேட்டுத்தான் லைன் எழுந்திருந்தது. அன்றைக்குப் பாதிப் பேருக்கு ரயில் தப்பியது.

யசோதராவுக்குத் தப்பவில்லை. எழிலன் அவளை வேனில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். கயிற்றையும் எடுத்துக்கொண்டான், அப்பா எடுத்துப்போகச் சொன்னதால். ரயில் பெட்டியில் நாலு பேர் உட்காரும் சீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். எழிலன் விஷயத்தைச் சொல்லிக் கயிற்றைக் காட்டினான். ஏழு பேர் எழுந்தார்கள். மைசூர் மைன்ஸ்காரர் வாசு, தாத்தா காலத்திலிருந்து சுரங்கக் குடும்பம், கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஜன்னலோரம் இனிமே உனுது தங்கச்சி. நான் முன்னாடி ஏறி துண்டு போட்டு வக்கிறன்," என்றார். அன்றிலிருந்து அந்தத் துண்டு ஒரு நாளும் தவறவில்லை. வாசுவுக்குக் காய்ச்சல் வந்து அவர் வராத நாளில்கூடத் துண்டு மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

காலை ஷிஃப்ட் பார்வதம்மா: களியும் முருங்கைக்கீரைக் குழம்பும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். வேலையிலிருந்து வந்ததும் இன்பராஜ் வீட்டு ஷிஃப்ட்: முட்டை, வேர்க்கடலை, வெல்லம். ராத்திரிச் சாப்பாட்டோடு தர்மராஜ் ஷிஃப்ட்: "படுத்தியா? எடது பக்கம் படுத்தியா?" காற்று கிளம்பிய மாசியில் அவர் கோணிகளை நனைத்து ஜன்னலிலும் கதவிலும் தொங்கவிட்டார். சுரங்கத்துக்குக் கீழே, கல் உடைக்கும் லெவலில், தூசியை அடக்க அப்படித்தான் ஈரப்படுத்துவார்களாம். அந்தக் கோணிகள் மேட்டுத் தூசியை எவ்வளவு பிடித்தன என்றால், பங்குனியில் ஒன்றைப் பிழிந்தபோது அடியில் அரைக் குன்றிமணித் தங்கம் கிடைத்தது. அதை ஷாலினி விழுங்கிவிட்டதால் காட்ட முடியவில்லை.

இவ்வளவும் நடந்தது. ஏழாம் மாதம் ஆனி வந்து ரத்தம் பார்த்தாள். எட்டு புள்ளி நாலு.

ஆனி கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் யசோதராவுக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் டேப் வைத்து அளந்து, மறுபடி அளந்து, மெல்லிய குரலில் கேட்டாள். "மாத்திரை போடுறியா?"

"போடுறன் சிஸ்டர்."

"தெனம்?"

"தெனம்."

"புள்ள சின்னதா கீது யசோதரா," என்றாள் ஆனி. லைனே முற்றத்தில் நின்றது. தர்மராஜ் பழக்கத்தில் காதைத் தடவிப் பார்த்தார். இரண்டு மாதமாக அங்கே ஒன்றும் இல்லை.

இனி வருவதில்தான் செம்பருத்தி வருகிறது. பார்வதம்மா வீட்டுக் கொல்லைக் கதவோரம் எண்ணெய் டின்னில் ஒரு செம்பருத்தி இருந்தது. பல வருஷமாக முழங்கால் உயரம். தை மாதத்துக்குப் பிறகு அதற்கு என்னவோ ஆயிற்று. இலைகள் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆயின. பூக்கள் கறுத்துச் சிவந்தன. பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த இன்பராஜின் சாவிக்கொத்து பையிலிருந்து எழும்பிப்போய்க் கிளையில் ஒட்டிக்கொண்டது. டின் வெடிக்கும் என்று பயந்த பார்வதம்மா செடியைப் பெரிய டின்னுக்கு மாற்றப் பிடுங்கினாள். வேரெல்லாம் சிவப்பு மாத்திரை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யசோதரா மட்டும் வீட்டில் படுத்திருந்தாள், இடது பக்கமாக. பார்வதம்மா ஒரு டம்ளரோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். டம்ளருக்குள் மண்ணோடு மாத்திரைகள்.

யசோதரா எழுந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல போட்டன் பெரிம்மா. காலம்பற டீயோட. ரயில்ல கொமட்டிகினு வரும். ஒரு நாளு ஜன்னல்ல வாந்தி எடுத்தன். எனக்கோசரம் எழுந்து நிக்கிறாங்களே, அவங்க முன்னாடி. அவங்க துண்டு மேல. அப்பறம் வயிறு வேற கட்டிக்கிது. சொல்ல வெக்கமா இருந்துச்சி. வாயில போட்டுகினு உங்க கொல்லையில வந்து செடி டின்னுல துப்பிட்டன்."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். பார்வதம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன நான் இன்னான்னு கேக்கிறது?" என்றாள். "மொத தபா உன்கிட்ட சொன்னது நான்தானே. வயிறு முட்டத் துன்னாத, புள்ளைக்கு எடம் இருக்காது, பெருசா வளந்தா கஷ்டம்னு. அர வயித்துக்குத் துன்னு துன்னுன்னு. எங்கம்மா எனக்குச் சொன்னாங்க, நான் உனக்குச் சொன்னன். நீயும் கேட்டுகின. கோலார்ல அந்தப் பெட்டிக்குள்ள அத பாத்தன் பாரு யசோதரா... அன்னையிலேந்து நான் ஒரு வாய் சோறு நெம்பத் துன்னதில்ல."

மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான். மூன்று வருஷமாக யாரும் வாய் திறக்கவில்லை. யசோதராவுக்குக் கோபம் ஒரு காலத்தில் இருந்தது உண்டு. இப்போது தேடிப் பார்த்தாள். அந்த இடத்தில் களியும் கீரைக் குழம்பும் இருந்தன.

"எல்லாரும் சத்தியம் பண்ணாங்க பெரிம்மா," என்றாள். "நான்தான் பண்ணல."

வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். நம்பாதவள்தான். ஆனால் கையில் எடுத்தபோது கனத்தது. பீடி கனத்தது, அண்டா கனத்தது, ஜன்னலோரம் கனத்தது. "இனிமே ஒண்ணுகூடத் துப்பமாட்டன்," என்றாள்.

மறுநாள் ஆனி விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவும் செய்தாள், கண்ணாடியையும் கழற்றினாள். "மொதல்லயே சொல்லியிருந்தா இன்னாடி? டீயோட போட்டா ரெத்தத்துல ஏறாது, செடிக்குதான் ஏறும். ராத்திரி சாப்புட்டப்பறம் போடு. எலுமிச்சம்பழத் தண்ணியோட. டீ முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. கொமட்டுனா என்கிட்ட சொல்லு. செடிகிட்ட சொல்லாத."

டீயில்லாமல் யசோதரா மட்டும் எப்படி இருப்பாள் என்று லைன் முழுவதும் மாலை டீயை விட்டது. தெருமுனை டீக்கடைக்காரர் முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரம் எலுமிச்சம்பழத் தண்ணி போட ஆரம்பித்தார். மாத்திரை நின்றுபோன செம்பருத்தி பழையபடி முழங்கால் உயரத்துக்கு இறங்கி, சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வைகாசியில், பள்ளிக்கூட லீவில், ஒரு புதன்கிழமை காலை வலி கண்டது. கோலாருக்கே போகலாம் என்று யசோதராதான் சொன்னாள். எழிலனின் வேனில் பன்னிரண்டு சீட்டு. அவள் படுத்துக்கொண்டு போனாள். அது போக இருபத்தாறு பேர் வந்தார்கள். வேன் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

பிரசவ அறைக்குப் போகும் வழியில் அந்தப் பெஞ்ச் அங்கேயே இருந்தது. யசோதரா வலிக்கு நடுவிலும் அதைப் பார்த்தாள். அதன் மேல் பார்வதம்மா, தர்மராஜ், இன்பராஜ், ஷாலினி, துண்டோடு வாசு, எல்லோரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு அதில் இடமே இல்லை. அது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை.

பதினொன்றரை மணிக்கு உள்ளே ஓர் அழுகை கேட்டது. ஷாலினி பிறந்தபோது அழுகை ஒரு எலிக்குஞ்சு சத்தம். இது சுரங்கத்துச் சங்கு. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பழைய ஆட்கள் இரண்டு பேர் ஷிஃப்ட் முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கன்னடக்கார நர்ஸ் கதவைத் திறந்தாள். "ஹெண்ணு மகு. எரடு கேஜி எண்ட்டுநூற அரவத்து."

பெண் குழந்தை. இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது கிராம். அந்தப் பெஞ்சில் கன்னடம் தெரியாதவர் யாரும் கிடையாது. ஆனாலும் தர்மராஜ் எழுந்து போய்க் கேட்டார்.

"துணியோடயா, துணி இல்லாமயா?"

"துணி இல்லாம தாத்தா."

"தராசு முள்ளு ஒழுங்கா சைபர்ல நின்னுச்சா?"

"நின்னுச்சு தாத்தா!"

"இன்னொரு தபா போட்டுப் பாரு தாயி. பொன்னு நிறுக்கிற மாதிரி மூணு தபா போடணும்."

அவள் போட்டாள். மூன்றாம் தடவையும் அதேதான். தர்மராஜ் வேட்டி மடிப்பிலிருந்து டோக்கனை எடுத்தார். ஆணியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அறைக்குள் வந்து, எதுவும் பேசாமல், குழந்தையின் தலைமாட்டில் வைத்தார். "ஆளு மேல வந்தாச்சி," என்றார். அவர் பொய் சொல்லாத நாட்கள் சில உண்டு. அது அப்படிப்பட்ட நாள் இல்லை: கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி விழுந்துவிட்டது என்றார்.

பெட்டி தேவைப்படவில்லை. குழந்தை யசோதராவின் நெஞ்சின் மேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கன்னம் ஞாயிற்றுக்கிழமை ஈரல். இந்தக் குதிகால் வாசு அண்ணன் போட்டுவைத்த துண்டு. தொடையில் இந்த மடிப்பு இருக்கிறதே, இது மாமா இழுக்காத பீடி. எத்தனை கட்டு இருக்கும்? மாமா கணக்கில் எண்ணூற்று முப்பத்துமூன்று டன்னுக்கும் மேலே. அவள் தனியாக உடைக்கவில்லை. யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த பார்வதம்மாவைப் பார்த்து, "பெரிம்மா, நீங்க இன்னிக்காவது வயிறு நெம்பத் துன்னுங்க," என்றாள்.

பார்வதம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எதிர் ஓட்டலில் அவள் ஐந்து பிளேட் பிரியாணி சாப்பிட்டாள். ஓட்டல்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

ஷாலினியைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அவள் தங்கச்சியின் கையை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனாள். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கடிக்கவில்லை, முத்தம் கொடுத்தாள். லைனில் இன்றுவரை யாரும் நம்பாத சேதி இது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். யசோதரா குழந்தையோடு நேராக ஆணிக்குப் போனாள். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தையின் விரலையும் அதில் தொட வைத்தாள். தர்மராஜ் கம்பீரமாக நின்றார். எழிலன் தலையைத் தூக்கி ஓட்டுக்கூரையைப் பார்த்தான்.

அந்தக் கயிறு, முன்பொரு முறை வேன் நடுரோட்டில் நின்றுபோனபோது கட்டி இழுத்து வர, எழிலன் ராபர்ட்சன்பேட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கியது.